இருட்டுக்கெவிக்கு வழி பண்ணிய கதை

என் பழைய பிரிவில் இப்போது பிரிவு அலுவலராக இருக்கும் நித்யா போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவியாளர்களுக்குப் பயிற்சிக் குறிப்பு தயாரிக்கிறார்களாம். "சார், சட்டமன்றக் குழு ஒரு இடத்தை நேரில் போய்ப் பார்க்கும்போது செய்ய வேண்டிய முன்னேற்பாடு பத்தி ஒரு பக்கம் எழுதித் தாங்க. உங்களை விட்டா அதை முழுசாத் தெரிஞ்சவங்க இங்க யாரும் இல்லை" என்றார். ஓய்வு பெற்றவனைப் புகழ்ந்தால் ஒரு பக்கம் இலவசமாகக் கிடைக்கும் என்பது எல்லா அலுவலகங்களிலும் உள்ள நடைமுறைதான். சரி என்றேன்.

இலஞ்சியில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். அந்த ஒரு பக்கம் வரவில்லை. அதற்குப் பதிலாக வந்தது இது.

எந்த ஆண்டு, யார் தலைவர், எந்தத் துறை என்றெல்லாம் எழுதப்போவதில்லை. நான் ஓய்வூதியம் வாங்குகிறவன். அவர்கள் இன்னும் தேர்தலில் நிற்கிறவர்கள். தென்காசி தனி மாவட்டமான பிறகு, நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையில் சேர்ந்தபோது என்னிடம் பொருளாதாரத்தில் முதுகலையும் சட்டத்தில் ஒரு பட்டமும் இருந்தன. முதல் சில ஆண்டுகளில் இரண்டையும் மறக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு அலுவலகத் தமிழ் கற்றுக்கொடுத்தார்கள். 'பரிசீலனையில் உள்ளது' என்றால் யாரும் படிக்கவில்லை என்று பொருள். 'தீவிரப் பரிசீலனையில் உள்ளது' என்றால் படித்துவிட்டு மூடி வைத்துவிட்டார்கள். 'கனிவுடன் பரிசீலிக்கப்படும்' என்றால் அடுத்த தேர்தல் வரை வராதே. இவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

கடைசியாக நான் இருந்தது மக்களின் மனுக்களைக் கேட்டு அவைக்கு அறிக்கை கொடுக்கும் ஒரு குழுவின் அலுவலகம். எனக்கு மேலே துணைச் செயலாளர் வரதராஜன் சார். அவர் மனுவைக் கடைசி வரியிலிருந்து படிப்பார். கண்ணாடியைக் கழற்றி நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு, தாளை முகத்தருகே பிடித்து, "என்ன கேட்கிறான்?" என்பார். கேட்பது தெரிந்த பிறகுதான் ஏன் கேட்கிறான் என்று மேலே போவார். பல நாள் போகவே மாட்டார். என் குறிப்புகளில் உள்ள அலங்காரச் சொற்களைப் பென்சிலால் அடிப்பார். 'மிகப் பழமையான' என்றால் ஒரு கோடு, 'ஈடு இணையற்ற' என்றால் இரண்டு கோடு. குரலை உயர்த்தியதே இல்லை. நான் எழுதியதை மறுப்பதாக இருந்தால் முதலில் எனக்கு டீ சொல்வார். அவர் அறையில் எனக்கு டீ வந்தால் என் குறிப்பு செத்துவிட்டது என்று தெரிந்துகொள்வேன்.

அவர் கெட்டவர் இல்லை. யாரிடமும் கை நீட்டாதவர், ஒரு நாளும் தாமதமாக வராதவர். நம் மலைகளை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் அவரைப் போன்ற நல்லவர்கள்தான். என் கோபத்தில் பாதி அதனால் வருவது.

இனி மனுவுக்கு வருகிறேன். குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் பின்னால் உள்ள மலையில், ஆறு பாறையை அறுத்துக்கொண்டு இறங்கும் ஓர் இடுக்கு இருக்கிறது. இரண்டு மலைச்சுவருக்கு நடுவே உள்ள அப்படிப்பட்ட இடுக்கை எங்கள் பக்கம் கெவி என்பார்கள். உச்சி வெயிலிலும் உள்ளே மங்கலாகவே இருப்பதால் இதற்கு இருட்டுக்கெவி என்று பெயர். அதற்கும் மேலே, இன்னும் குறுகலாக, மேல்கெவி. இரண்டுக்கும் போக அப்போது பாதை கிடையாது. யாரோ ஒரு வெளியூர்க்காரர் அங்கே கயிறு கட்டி ஆட்களை இறக்கும் சாகசச் சுற்றுலா நடத்தக் குத்தகை கேட்டிருந்தார். துறையும் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்திருந்தது.

மனுக் கொடுத்தவர் காதர் மைதீன். குத்துக்கல்வலசைக்கு மேற்கே அவருக்குக் கொஞ்சம் வயலும் தென்னையும் உண்டு. கெவியிலிருந்து இறங்கும் தண்ணீர்தான் அவர்கள் ஊர்க் குளத்துக்கு வருகிறது. சவூதியில் நெடுங்காலம் மண் தோண்டும் எந்திரம் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். பாசனக்காரர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்பியிருந்தார். கெவியையும் அதன் மேலே உள்ள மலையையும், பாதையோ கட்டடமோ ஒருபோதும் வர முடியாத காடாகச் சட்டப்படி அறிவித்து, இப்போது இருக்கிறபடியே விட்டுவிட வேண்டும். அதுதான் வேண்டுகோள்.

வரதராஜன் சார் கடைசி வரியைப் படித்தார். மறுபடி படித்தார்.

"ஒண்ணும் செய்யாதேன்னு கேட்கிறாரா?"

"ஆமாம் சார்."

"எதையாவது செய்யச் சொன்னா சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பலாம். ஒண்ணும் செய்யாதேன்னா எந்தத் துறைக்கு அனுப்புறது?"

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே குழம்பியிருந்தார். ரோடு கேட்டு வரும் மனு, பாலம் கேட்டு வரும் மனு, மதுக்கடையை மாற்றக் கேட்டு வரும் மனு எல்லாவற்றுக்கும் எங்களிடம் வழி இருந்தது. ஓர் இடத்தைத் தொடாமல் இருப்பதற்கு இந்த அரசாங்கத்தில் ஓர் அலுவலர்கூட நியமிக்கப்படவில்லை.

நிலத்தின் வகைப்பாட்டைக் கேட்டு எழுதினோம். பதில் வந்தது. பழைய ஜமீன் அளவையில் காப்புக்காட்டின் எல்லை கெவியின் அடிவாரத்தில் நின்று, மலைக்கு மேலே போய்த்தான் மறுபடி தொடங்குகிறதாம். நடுவில் உள்ள இரண்டு கெவிகளும் 'தீர்வை ஏற்படாத தரிசு'. அதாவது வரி போடக்கூட லாயக்கில்லாத பாழ்நிலம். மழைக்காடும் ஆறும் நீர்நாயும் இருக்கும் இடத்துக்கு அரசு வைத்திருக்கும் பெயர் அது. அந்தக் காலத்து அளவைக்காரர் உள்ளே போக வழியில்லாமல் வெளியிலேயே நின்று எழுதியிருப்பார். அதற்குப் பின் வந்த யாரும் எட்டிப் பார்க்கவில்லை, திருத்தவும் இல்லை.

மனுவை விசாரிக்கக் குழு குற்றாலத்துக்கு வந்தது. சாரல் காலத்தில்தான். குழுக்களின் சுற்றுப்பயண நிரலை எடுத்துப் பார்த்தால் போதும், குற்றாலத்தில் எப்போது தண்ணீர் விழும் என்று வானிலை அறிக்கை பார்க்காமலே சொல்லிவிடலாம். உறுப்பினர்கள் காலையில் அருவியில் குளித்து, தலை துவட்டி, நெற்றியில் திருநீறு ஈரமாக இருக்கும்போதே விடுதிக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். தலைவர் வட மாவட்டத்துக்காரர். பெரிய உடம்பு, நல்ல சிரிப்பு. காதரை எழுந்து பேசச் சொன்னார்கள். வெள்ளைச் சட்டை, கட்டம்போட்ட சாரம். கையில் எந்தத் தாளும் இல்லை.

"அங்க என்னப்பா இருக்கு? கோயில் கீயில் இருக்கா?" என்று தலைவர் கேட்டார்.

"இல்லங்கய்யா."

"ஜனங்க யாராச்சும் குடியிருக்காங்களா?"

"இல்லங்கய்யா."

"பெரிய அருவி?"

"பேரு சொல்லுத மாதிரி இல்லங்க. தண்ணி வருது, போவுது."

"பின்ன என்னதான்யா இருக்கு?"

"ஒண்ணும் இல்லன்னு தாலுகா ஆபீஸ்லயே எழுதி வச்சிருக்காவ ஐயா. அந்த ஒண்ணுமில்லாததை அப்படியே விட்டுருங்கன்னு கேக்கத்தான் வந்திருக்கோம்."

கூடம் சிரித்தது. தலைவரும் சிரித்தார். துறைப் பொறியாளர் எழுந்து, "வெறும் பாறைங்கய்யா. இவங்க சொல்ற மாதிரி விசேஷமா ஒண்ணும் கிடையாது" என்றார்.

காதர் விடவில்லை. "சார் அங்கன வந்து பாத்தாவளான்னு கேளுங்கய்யா."

"போறதுக்கு வழி இல்லைங்கய்யா" என்றார் பொறியாளர்.

"கேட்டியளா? பாக்காமலே பாறைங்குதாவ."

மறுபடி சிரிப்பு. வழக்கில் காதர் ஜெயித்துக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தில்தான் அந்த வாக்கியத்தைச் சொன்னார். "ஐயா, நீங்க ஒரே ஒரு தடவை வந்து பாருங்க. பாத்துட்டு என்ன முடிவு எடுத்தாலும் எங்களுக்குச் சம்மதம்."

இந்த மாநிலத்தில் நான் படித்த மனுக்களில் பெரும்பாலானவை இப்படித்தான் முடியும். பெரியவர்கள் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டால் நியாயம் நடந்துவிடும் என்று நம் மக்களுக்கு ஓர் அசைக்க முடியாத நம்பிக்கை. சாக்கடைக்கும் பள்ளிக்கூடக் கூரைக்கும் அது பலிக்கலாம். யாரும் வரக்கூடாது என்று கேட்கிற இடத்துக்கே வந்து பாருங்கள் என்று அழைத்ததை அங்கே இருந்த யாரும் கவனிக்கவில்லை.

"வந்து பார்த்துடுவோம்" என்றார் தலைவர். பொறியாளர் பக்கம் திரும்பி, "வழி பண்ணுங்க" என்றார்.

நடவடிக்கைக் குறிப்பில் அந்த இரண்டு சொல், 'குழு நேரில் பார்வையிட ஏதுவாக அணுகுபாதை வசதியினை உரிய துறை போர்க்கால அடிப்படையில் ஏற்படுத்தித் தர வேண்டும்' என்று ஆனது. நம் அலுவலகத் தமிழில் எதையும் செய்ய முடிகிற அவசரம் போர் ஒன்றுதான்.

நான் ஒரு குறிப்பு வைத்தேன். பாதை கூடாது என்பதே மனுவாக இருக்கும்போது, மனுவைப் பரிசீலிக்கவே பாதை போடுவது பொருத்தமாக இல்லை. நடக்க முடிந்த உறுப்பினர்கள் மட்டும் நடந்து போய்ப் பார்க்கலாம், அல்லது பொறியாளரையும் மனுதாரரையும் சேர்த்து அனுப்பி வாக்குமூலம் வாங்கலாம் என்று எழுதினேன். வரதராஜன் சார் கூப்பிட்டார். உள்ளே போய் உட்கார்ந்தேன். டீ வந்தது.

"குழுன்னா முழுக் குழு. பாதிப் பேர் போய்ப் பார்த்தா பாதிக் கண்ணால பார்த்ததா ஆகிடும்" என்றார்.

"நடந்தே எல்லாரும் போகலாமே சார்."

"தலைவர் முழங்காலுக்கு மாத்திரை சாப்பிடுறார். அதைக் குறிப்பில எழுதுவீங்களா?"

"எழுதலாம் சார்."

"எழுதுங்க. நான் அடிச்சிடறேன். டீ ஆறுது பாருங்க."

முன்னேற்பாட்டுக்கு அலுவலகத்திலிருந்து ஒருவர் முன்கூட்டியே போக வேண்டும். வண்டி எங்கே நிற்கும், தலைவர் இறங்கும்போது எந்தப் பக்கக் கதவு திறக்கும், சால்வை யார் கையில் இருக்கும், சர்க்கரை இல்லாத டீ யார் யாருக்கு, பெண் உறுப்பினர்களுக்குக் கழிப்பிடம் எங்கே, வெயில் எந்தப் பக்கம் விழும் எல்லாம் எழுதிக்கொண்டு வர வேண்டும். என் ஊர்ப்பக்கம் என்பதால் நானே போனேன். பாதை வேலை இன்னும் தொடங்கியிருக்கவில்லை. காதர்தான் கூட்டிக்கொண்டு போனார்.

தென்னந்தோப்பு முடிந்து ஓடைக்குள் இறங்கினோம். பிறகு ஓடைதான் பாதை. பாறைக்குப் பாறை தாவ வேண்டியிருந்தது. சில இடங்களில் குழந்தை மாதிரி உட்கார்ந்து சறுக்கினேன். கெவியின் வாய்க்குள் நுழைந்ததும் ஈரத் துணியை முகத்தில் போட்டது போல இருந்தது. இருபுறமும் கறுத்த பாறை. அண்ணாந்து பார்த்தால் வானம் வேட்டிக் கரை அகலத்துக்குத் தெரிந்தது. சுவரில் தொங்கிய பாசியிலிருந்து தண்ணீர் சொட்டியது. இருவாச்சி ஒன்று தலைக்கு மேலே பறந்தபோது அதன் இறக்கைச் சத்தம் பழைய ரயில் எஞ்சின் மூச்சு வாங்குவது போல இரண்டு சுவரிலும் மோதிக் கேட்டது. உள்ளே ஆழமாகத் தண்ணீர் தேங்கிய இடத்தின் மறுகரையில் நீர்நாய்கள் மீன் தின்றுகொண்டிருந்தன. எங்களைப் பார்த்தன, தின்பதை நிறுத்தவில்லை. மனிதன் என்றால் என்னவென்று அவற்றுக்கு யாரும் அதுவரை காட்டிக்கொடுத்திருக்கவில்லை.

காதர் குரலைத் தாழ்த்திப் பேசினார். "சவூதில இருந்த வரைக்கும் தோண்டிக்கிட்டே கெடந்தேன் அண்ணாச்சி. தோண்டாத எடம் ஒண்ணைக் கண்ணால பாக்கணும்னு இருக்கும். லீவுக்கு வந்தா ஒரு நாள் இங்கனதான். எங்க வீட்டுல ஏசுவா, அந்தப் பாறையையே கெட்டிக்கிட வேண்டியதுதானன்னு."

"குழுத் தலைவரே வந்து பாக்கப் போறாரே வே. சந்தோஷந்தான?"

"பின்ன? இதைப் பாத்தா கல்லுக்கும் மனசு வரும்." சிறிது நேரம் கழித்துக் கேட்டார்: "வழி பண்ணணும்னு சொன்னாவளே. ஆள விட்டுப் புதரை வெட்டி விடுவாவளா?"

"கார் வரணும் காதர்."

"கார்னா?"

"பெரிய வண்டி. குழுவுக்கு வேன். முன்னால போலீஸ் ஜீப்பு, பின்னால ஆம்புலன்ஸ்."

 காதர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். எந்தப் பாறையில் எந்திரத்தின் கை விழும், எந்தக் கரையைச் சரிக்க வேண்டும், சரித்த மண் எங்கே போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியாதா? அவருடைய பிழைப்பே அதுதானே. "எல்லா மண்ணும் ஓடைக்குள்ளதான அண்ணாச்சி வுழும்? ஓடை எங்க கொளத்துக்குல்லா போவுது" என்றார். 

மறுநாளே தென்காசியிலிருந்து ஒரு விண்ணப்பம் அனுப்பினார். குழு நேரில் வந்து பார்க்க வேண்டியதில்லை, மனுவையே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று. அதை வரதராஜன் சாரிடம் கொண்டுபோனேன். எனக்கு டீ வந்தது.

"ஏற்றுக்கொண்ட பிறகு மனு அவையோட சொத்து. மனுதாரர் திரும்பப் பெற முடியாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். நானே பல பேருக்குச் சொல்லிக்கொடுத்த நடைமுறை. மிரட்டலுக்குப் பயந்து ஏழை எவரும் மனுவைத் திரும்பப் பெற்றுவிடக் கூடாது என்பதற்காக வைத்த நல்ல நடைமுறை அது. அதே நடைமுறையால்தான் காதரின் மலை காதரின் பெயராலேயே வெட்டப்பட்டது. அவரால் தடுக்க முடியவில்லை.

பாதை போட்டார்கள். சாலைக்காகப் பத்தாண்டு காத்திருந்து செத்துப்போனவர்களை எனக்குத் தெரியும். ராயகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துக்கு இணைப்புச் சாலை கேட்டு வந்த மனு என் மேசையிலேயே மஞ்சளாகிக் கிடந்தது. யாரும் கேட்காத இந்தப் பாதை ஒரு பருவத்துக்குள் முடிந்துவிட்டது. ஓடையின் ஒரு கரையை அறுத்து, கல்லைச் சரித்து, மேலே செம்மண் கொட்டி, கெவி வாயில் வண்டி திரும்ப ஒரு மைதானமும் பண்ணியிருந்தார்கள்.

குழு வந்த அன்று மைதானத்தில் சாமியானா. நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி. வடை, கேசரி, காகிதக் குவளையில் டீ. ஒலிபெருக்கி ஒன்று வரவேற்புரையைக் கெவிக்குள் அனுப்பியது. கெவி அதைச் சற்றுத் தாமதமாகத் திருப்பி அனுப்பியது. நீர்நாய் எதுவும் கண்ணில் படவில்லை.

தலைவர் கெவி வாயில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். உண்மையிலேயே அசந்துபோனார்.  அவரைக் குறை சொல்ல மாட்டேன். அழகைக் கண்டால் தெரிகிற மனிதர். ஆனால் அழகைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கும் நம் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் தெரியும்.

"அடேயப்பா. இவ்வளவு நல்ல இடத்தை இத்தனை நாளா ஜனங்க பார்க்க முடியாம வச்சிருந்திருக்கீங்களே" என்றார் பொறியாளரிடம். பொறியாளர் வெட்கத்தோடு தலை குனிந்தார், தன் மேல்தான் தப்பு என்பது போல.

காதர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "ஐயா, நாங்க கேட்டது வேறல்லா."

"உன் ஊருக்கு நல்லதுதானப்பா செய்யறோம். நாலு கடை வரும், நாலு பேரு பொழைப்பாங்க."

"ஐயா வந்த ரோட்டுல எங்க கொளத்துக்குத் தண்ணி வர்ற ஓடை பாதி போச்சு. ஐயா வந்தது போதும். இனி யாரும் வராம இந்த ரோட்டை அடைச்சிருங்க. மனுவுல அதையாவது சேத்துக்கிடுங்க."

"போட்ட ரோட்டை அடைக்கச் சொல்ற ஆளை இப்பதான்யா பார்க்கறேன்" என்று தலைவர் அவர் தோளில் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். குற்றாலத்து விடுதியிலும் சிரித்தார்கள். அன்றைய சிரிப்பு காதர் பக்கம் இருந்தது. இந்தச் சிரிப்பு எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரிந்தது. கையில் கொடுத்த டீயைக் குடிக்காமல் பந்தல் காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

அறிக்கையை நான்தான் வரைந்தேன். குழு பார்வையிடும் பொருட்டே பாதை அமைக்கப்பட்டது, அதற்கு முன் அங்கே பாதை எதுவும் இல்லை என்று ஒரு பத்தி எழுதினேன். டீ வந்தது. "குழு தன்னைப் பத்தித் தானே அறிக்கை எழுதாது" என்றார் வரதராஜன் சார். பத்தி முழுவதற்கும் குறுக்கே பென்சில் கோடு விழுந்தது. அவையில் வைக்கப்பட்ட அறிக்கையில் இப்படி இருந்தது: 'மேற்படி இடத்திற்கு ஏற்கெனவே சாலை வசதி உள்ளமையால், மனுதாரர் கோரியவாறு அதனை மனிதத் தலையீடற்ற காடாகக் கருத இயலாது எனவும், சுற்றுலா மேம்பாட்டிற்கு உகந்தது எனவும் குழு கருதுகிறது.'

இதைப் படிக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பொய் என்று அந்த அறிக்கையில் ஒரு சொல் கிடையாது. சாலை இருந்தது. ஏற்கெனவே இருந்தது. அறிக்கை எழுதிய நாளுக்கு ஏற்கெனவே. நான் பணியாற்றிய காலம் முழுவதும் நீங்கள் ஒரு கேள்வியைத்தான் கேட்டீர்கள்: அங்கே என்ன இருக்கிறது? கோயில் இருக்கிறதா, ஓட்டு இருக்கிறதா, வருமானம் இருக்கிறதா? எதுவும் இல்லையென்றால் தரிசு. ஏதாவது இருந்தால் மேம்பாடு. இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் சும்மா இருப்பதற்கு நீங்கள் சட்டத்தில் இடம் வைக்கவில்லை. காதரின் ஊர்க் குளத்துக்கு வரும் தண்ணீர் அந்தச் சும்மா இருக்கும் இடத்திலிருந்துதான் வருகிறது. சட்டம் செய்யும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. ஒரு மலையைத் தொடுவதற்கு எத்தனை கையெழுத்தும் போடுகிறீர்கள். தொடாமல் இருக்க ஒரு கையெழுத்துப் போட்டால் பேனாவில் மை குறைந்துவிடாது.

அந்த ஆண்டு மழையில் பாதைக்காக வெட்டிய கரை சரிந்தது. காதர் எனக்குப் போன் செய்தார். "அண்ணாச்சி, கொளம் டீ மாதிரி கெடக்கு" என்றார்.  செம்மண் மடைக்கு உள்ளே இறங்கி, கடைமடை வயல்களில் படிந்தது. சாரல் காலத்தில் கெவி வாயில் இப்போது வண்டிகள் நிற்க இடம் இருக்காது. பாட்டில் சில்லுகளை மிதிக்காமல் தண்ணீரில் கால் வைக்க முடியாது. கயிறு கட்டி இறக்குகிற வெளியூர்க்காரர் குத்தகை வாங்கிவிட்டார். இரண்டு சுவரிலும் விளம்பரம் எழுதியிருக்கிறது.

மேல்கெவி மட்டும் அப்படியே இருக்கிறது. பாதை முடியும் இடத்தில், மேலே ஏறும் பக்கத்தை மறித்து ஒரு பெரும்பாறை நிற்பதால் அதற்கு அப்பால் யாரும் போவதில்லை. இப்போது மேல்கெவியில் காட்சிமேடை கட்டத் திட்டம் வந்திருக்கிறது. புதிய குழு தென்காசிக்கு வரப்போகிறது என்றும் அறிவிப்பு வந்திருக்கிறது.

காதர் பாசனக்காரர்கள் சிலரோடு என் வீட்டுக்கு வந்தார். மனு எழுத வேண்டும். மேல்கெவியையாவது தரிசுப் பட்டியலிலிருந்து நீக்கி, பாதையே வர முடியாத காடாக அறிவிக்கக் கேட்டு எழுதினேன். கடைசியில், விசாரணையைத் தென்காசியிலேயே நடத்திக்கொள்ள வேண்டும், குழு மேல்கெவிக்கு வர வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தேன். கூட வந்திருந்த பெரியவர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை.

"வராதீயன்னு எழுதுனா அவுகளுக்குக் கோவம் வராதா? வந்து ஒரு தடவ பாருங்கன்னு மரியாதையா எழுதும்."

"ஒரு தடவ பாத்ததுக்குத்தான மாமா ஒம்ம வயல்ல செம்மண்ணு கெடக்கு" என்றார் காதர்.

"அந்தத் தலைவரு வேற, இவுக வேற."

"கார் அதே கார்தான மாமா."

வரி இருந்தது. மனு போனது. மனுவின் நகல், கருத்துக் கேட்டு, நடைமுறைப்படி துறைக்கும் போனது.

முந்தாநாள் காதர் போன் செய்தார். பாதை முடியும் அந்தப் பாறை ஓரத்தில் தோண்டும் எந்திரம் ஒன்று வந்து நிற்கிறதாம். "ஓட்டுத பையன்கிட்ட கேட்டேன். குழு வரும், வழி தயாரா இருக்கட்டும்னு சொன்னாவளாம். எழுத்துல உத்தரவு வந்தாத்தான் பாறையில கை வப்பேன்னு நிக்கான். நல்லவன்தான். டீ வாங்கிக் குடுத்துட்டுப் பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்றார். மேல்கெவிக்குக் குழு வரும் என்று யாரும் முடிவு செய்யவில்லை. வர வேண்டாம் என்று எழுதியதைப் படித்தவுடனே முன்னேற்பாடு தொடங்கிவிட்டது. நான் பழக்கிய அலுவலகம்தான் இது. இந்த வேகம் எனக்குப் புதிதில்லை.

எழுத்தில் உத்தரவு போக வேண்டுமானால் அது குழு அலுவலகத்தின் குறிப்பிலிருந்துதான் போக வேண்டும். நித்யாவைக் கூப்பிட்டேன்.

"அந்த ஒரு பக்கம் தயார். எழுதிக்குங்க" என்றேன்.

"சொல்லுங்க சார்."

"குழு பார்க்க வேண்டிய இடத்துக்கு வழி இல்லை என்றால், வழி இல்லை என்பதே குழு அங்கே பார்க்க வேண்டியது. அதற்காக வழி ஏற்படுத்தக் கூடாது."

எழுதும் சத்தம் கேட்டது. பிறகு, தென்காசி மனுவைத்தான் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "இதைக் குறிப்பாவே தலைவர் முன்னாடி வைக்கிறேன் சார். துணைச் செயலாளர் என்ன சொல்வார்னு தெரியலை."

"கூப்பிட்டு டீ சொன்னார்னா குடிக்காதீங்க."

சிரித்தார். "ஆனா ஒரு பக்கம் கேட்டேனே சார். இது ஒரே ஒரு வரிதான் வருது. மீதிப் பக்கத்தை என்ன செய்யட்டும்?"

"ஒன்றும் செய்ய வேண்டாம் நித்யா. அப்படியே விடுங்கள்."